ஷரீஃபுன்னிசா கொண்டுவந்த கேன்

அத்தியாயம் 17

பத்து நாளாக ஞானபாக்கியம் வேதாகமத்தைத் திறக்கவில்லை. ஜெபம்கூட மனப்பாடமாகவே நடந்தது. திறந்தால் உள்ளே செருகியிருக்கும் பழுப்பு உறை கண்ணில் படும். உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தேதி மனசில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தேதி இன்றுதான். பிற்பகல் மூன்று மணி.

நாலரை மாதத்துக்கு முன்னால் அந்த ரசாயனக் கம்பெனியில் நடந்ததைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ராட்சதக் கலன் ஒன்றைக் கழுவுவதற்காக உள்ளே இறங்கிய ஹபீபுல்லா விஷவாயுவில் மூச்சடைத்து இறந்துபோனார். அவரோடு வேலை பார்த்து, அவரை இழுத்துவரப் பின்னாலேயே இறங்கிய அபின், ஞானபாக்கியத்தின் இளைய மகன், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இருமலோடு காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் நேராகத் தன் அறைக்குள் போனான். கதவு மூடிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டை வாங்கவும், மொட்டை மாடியில் பீப்பாயில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை எடுத்துவரவும் மட்டும் அது திறக்கும்.

ஹபீபுல்லா யார் அனுமதியும் இல்லாமல் தானாகவே இறங்கினார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. அது நிஜமா என்று கேட்பதற்குத்தான் இன்றைய விசாரணை. பக்கத்தில் நின்றிருந்த ஒரே ஆள் அபின்.

"கடுதாசி வந்தா அவன் கையில குடுக்காதம்மா," என்று மூத்தவன் அஜின் முன்கூட்டியே சொல்லியிருந்தான். திருவொற்றியூரில் அப்பா வெள்ளத்துரை வைத்துவிட்டுப் போன மளிகை மண்டியை இப்போது நடத்துகிறவன் அவன். அந்தக் கம்பெனி கேன்டீனுக்கு அரிசியும் பருப்பும் அங்கிருந்துதான் போகின்றன. "மூணு மணி தாண்டிட்டா எல்லாம் தானா அடங்கிடும்."

ஞானபாக்கியத்துக்கு மண்டி பெரிதாகத் தெரியவில்லை. ஒரு தடவை வேலைக்கு அனுப்பிய பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை அவனை வெளியே அனுப்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான்.

பத்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

கறுப்பு புர்க்காவில் ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். கையில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், வாய்ப்புறம் அறுக்கப்பட்டு, மேலே துணி போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தது. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அபின் வூடு இதானேம்மா? நான் ஷரீஃபுன்னிசா. ஹபீபுல்லா வூட்டுக்காரி."

ஞானபாக்கியம் கதவை அகலத் திறந்தாள். இந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு வாரம் நினைத்தாள். பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டாள்.

"வாம்மா... உள்ள வா. அவன் தூங்குதான்."

"எழுப்பாதீங்க. அவரு போனதுக்கு இருக்கற இத்தா முடிஞ்சி இன்னியோட அஞ்சு நாளு. அதுவரைக்கும் வூட்ட வுட்டு வெளிய வரக்கூடாது, அதான் வர்ல." கேனைத் தரையில் வைத்தாள், ஒரு துளி தளும்பாமல். "இது அவரு வளத்த மீனு. நாளைக்கு எம்.கே.பி. நகர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறேன். ஒரே ரூமு, லாரித் தண்ணி. அங்க இதுங்க ஒரு நாளு தாங்காது. அபினு கைல குட்த்துடுங்க."

அவள் திரும்புவதற்குள் அந்த அறைக் கதவு திறந்தது.

"அண்ணி."

அபின் நின்றிருந்தான். தாடி, தொளதொளத்த சட்டை, வெளிச்சத்துக்குக் கூசும் கண். தட்டும் தண்ணீரும் தவிர வேறொன்றுக்காக அவன் வெளியே வந்ததை ஞானபாக்கியம் இப்போதுதான் பார்த்தாள்.

அவன் ஷரீஃபுன்னிசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, கேன் மேலிருந்த துணியை ஓரமாக விலக்கி உள்ளே பார்த்தான்.

"எத்தினி மணிக்குப் புடிச்சீங்க?"

"ஏழு மணிக்கு."

"எத்தினி?"

"ஏழு இருந்துச்சு. நான் பாத்தது அஞ்சு. மீதி கீதா இல்லியான்னே தெர்ல. உனக்குத்தான் தெரியுமே, கண்ணுல எங்க மாட்டுதுங்க?"

"உள்ள வாங்க அண்ணி," என்றான் அபின். கேனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

ஞானபாக்கியம் அந்த அறையை வெறுத்தாள். ஜன்னலில் அட்டை ஒட்டி வெயிலை மறைத்திருந்தான். சுவரோரம் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதில் பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர். அடியில் மக்கிய நாட்டு வாதாம் இலைகள், ஒரு வேர்க்கட்டை. மங்கலாக ஒரு விளக்கு. அந்த இலைச் சாறு இறங்கினால்தான் அந்த மீனுக்கு ஆகும் என்பான். வெளுத்த தண்ணீரும் வெளிச்சமும் அதற்குப் பயமாம். ஆறேழு மாதத்துக்கு முன்பு வரைக்கும் "வீட்டுக்குள்ள சாக்கடையக் கட்டி வச்சிருக்கான்" என்று திட்டியிருக்கிறாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, காப்பிக்கொட்டை நிறத்து மீன். சாக்லேட் கௌராமியாம் பெயர். உள்ளே மீன் இருக்கிறதா என்பதே பல நாள் தெரியாது.

கொளத்தூரில் அபினும் ஹபீபுல்லாவும் ஒன்றாகப் போய் வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவை அவை. வேலை இடைவேளையில் இரண்டு பேரும் பேசியதெல்லாம் இந்த மீன்களைப் பற்றித்தான் என்று ஷரீஃபுன்னிசா ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதெல்லாம் வேறொரு காலம்.

அபின் கேனில் இருந்ததை ஒரு வாளியில் மெதுவாகச் சரித்தான். சட்டைப் பையிலிருந்து, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பேனா போன்ற மீட்டரை எடுத்து வாளியில் வைத்துப் பார்த்தான். தொட்டியில் வைத்துப் பார்த்தான். மறுபடி வாளியில் வைத்தான்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் கீது அண்ணி. டக்குனு மாத்துனா செத்துடும். சொட்டுச் சொட்டாத்தான் வுடணும்."

மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை வாளிக்குள் விட்டான். முடிச்சை இறுக்கி இறுக்கி, விநாடிக்கு இரண்டு சொட்டு விழும்படி செய்தான்.

"எம்மா நேரம் ஆவும்?"

"மூணரை மணி நேரம். நீங்க போறதுன்னா போங்க."

"இருக்கேன்," என்றாள் அவள். தரையில் உட்கார்ந்தாள்.

ஞானபாக்கியம் டீ போட சமையலறைக்குப் போனாள். மருமகள் ரெஜி பள்ளிக்கூட வேலைக்குப் போயாயிற்று. வீட்டில் வேறு சத்தமில்லை. பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவிலும் அந்தச் சொட்டுச் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

டம்ளர்களோடு திரும்பியவள் கதவருகே நின்றுவிட்டாள். பிள்ளை பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னா போட்டீங்க இத்தினி நாளா?"

"டிரம்முல கொசுப் புழு வளத்தேன். போன மாசம் கார்ப்பரேசன்காரங்கோ வந்து டிரம்மக் கவுத்துட்டாங்கோ. அப்பறம் எங்க வூட்டுப் பின்கட்டுத் தொட்டில வலையப் போட்டுகினு இருந்தேன். பைத்தியம்னு நெனச்சிருப்பாங்கோ." வாளியைக் காட்டினாள். "அதுல ஒண்ணு எட்டு நாளா சாப்புடவே மாட்டுது. ஒடம்பு சரியில்லியா?"

அபின் வாளி மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"தாடை வீங்கிக் கீதா பாருங்க. வாயில முட்டய வெச்சுகினு கீது. குஞ்சாவற வரைக்கும் எதுவும் துண்ணாது. அண்ணன் ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துகினு இருந்தாரு."

ஷரீஃபுன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அபினுக்கு இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். பிறகு அந்த மீட்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி சொன்னான்.

"மீனுக்குத் தண்ணி மாத்தறதுக்கு மூணு தடவ மீட்டர் வெச்சுப் பாக்கறேன் அண்ணி. அண்ணன் எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவகூட பாக்கல."

"இன்னா சொல்ற?"

"உள்ள கேஸ் கீதான்னு அளந்து பாக்கறதுதான் என் வேல. அன்னிக்கு மீட்டர்ல சார்ஜ் இல்ல. சூப்பர்வைசர் கிட்ட சொன்னேன். நேத்து பாத்ததே போதும், கையெழுத்துப் போடு, லேட்டாவுதுன்னாரு. போட்டுட்டேன். எறங்கறதுக்கான பர்மிட்டுல பாத்தேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டேன். அண்ணன் எங்கிட்ட கேட்டாரு, 'ஓகேவாடா அபினு?'ன்னு. ஓகேண்ணேன்னு சொன்னேன்."

டம்ளர் ஞானபாக்கியத்தின் விரலைச் சுட்டது. அவள் அசையவில்லை.

"அவரு சிரிச்சிகினே எறங்குனாரு," என்றான் அபின். "ரெண்டு நிமிசம்கூட ஆவல."

சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஷரீஃபுன்னிசா அழுவாள், கத்துவாள், அவன் சட்டையைப் பிடிப்பாள் என்று ஞானபாக்கியம் பயந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. புர்க்காவின் நுனியைத் திரும்பத் திரும்ப விரலில் சுற்றினாள்.

"அப்ப அவரு பர்மிட் இல்லாம எறங்கல?" கடைசியில் கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"பர்மிட்டே போடலன்னு சொல்றாங்கோ. அவரா திமிரெடுத்துப் போய் எறங்கினாராம். குடிச்சிட்டு எறங்கினாருன்னுகூட ஒருத்தன் பேசினான், எங்க தெருவுல. தொழுவற மனுசன். என் மாமியா அத்தக் கேட்டுட்டு நாலு நாளு சாப்புடல."

அபின் எழுந்துபோய் அலமாரியில் மீன் தீவன டப்பாக்களுக்கு அடியிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துவந்தான். மஞ்சள் தாள். கார்பனில் பதிந்த எழுத்து. ஹபீபுல்லாவின் பெயர், நேரம், சூப்பர்வைசரின் கையெழுத்து, கீழே அபினின் கையெழுத்து.

"என் பையில மாட்டிகினு வந்துச்சு. கம்பெனிகிட்ட இருந்த காப்பியெல்லாம் காணாம பூட்டுச்சு. இது ஒண்ணுதான் மீதி."

அவள் அதைத் தொடாமல் படித்தாள்.

"உன்ன மன்னிக்கறதுக்கு நான் இங்க வர்ல அபினு. மன்னிப்பேனான்னும் தெர்ல. இத்தத் தூக்கிகினு அங்க வந்து சொல்லு. அவ்ளோதான்."

"எங்க?"

"இன்னிக்கு மூணு மணிக்கு. தேரடிகிட்ட அந்த விசாரணை ஆபீஸ்ல. உனக்குக் கடுதாசி வர்லியா? எனக்கு வந்துச்சே."

அபின் நிமிர்ந்தான். கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்தான்.

ஞானபாக்கியம் டம்ளர்களைத் தரையில் வைத்தாள். கூடத்துக்குப் போய், வேதாகமத்தைத் திறந்து, பழுப்பு உறையை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள்.

"நாந்தாம்ல மறச்சு வச்சேன். அஜின் சொன்னான்னு இல்ல. எனக்கே குடுக்க மனசு வரல."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் கடிதத்தை நிதானமாகப் படித்து மடித்தான்.

"நீ போய் உள்ளதச் சொன்னா ஒன்னையும்தானல புடிச்சு உள்ள வப்பாக? கையெழுத்துப் போட்டது நீதானே?"

"இப்ப மட்டும் வெளியவா கீறேன்?" என்றான் அபின்.

ஒன்றரை மணிக்கு அவன் தாடியை மழித்துக்கொண்டு, அப்பாவின் பழைய பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் மாட்டி, செருப்பைத் தேடினான். வாளி முக்கால் நிறைந்திருந்தது.

"இந்தக் கோடு வரைக்கும் ரொம்பட்டும்மா. அப்பறம் கப்பால ஒவ்வொண்ணா மொண்டு தொட்டில வுடு. துரத்தாத. விளக்கு போடாத. மூடி மட்டும் மறக்காத, வெளிய குதிச்சிடும்."

"எனக்கு என்னல தெரியும் இதெல்லாம்?"

"நீதாம்மா கீற," என்றான்.

படிகளில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். ஷரீஃபுன்னிசா அவனுக்கு முன்னால் போனாள். அவனுக்காக எந்த இடத்திலும் நிற்கவில்லை. ஆனால் தெருமுனையில் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, ஏறாமல் காத்திருந்ததை ஞானபாக்கியம் பால்கனியிலிருந்து பார்த்தாள்.

கோடு வரைக்கும் தண்ணீர் வர இரண்டே கால் ஆயிற்று. ஞானபாக்கியம் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, கப்பை வாளிக்குள் சாய்த்துப் பிடித்தாள். முதல் மீன் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தது தெரியாமல் வந்து, தொட்டியில் விட்டதும் இலைகளுக்கு நடுவில் போய் மறைந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூடியைத் திறந்து மூடினாள்.

ஐந்தாவதன் தாடையைப் பார்த்தாள். ஒட்டிப்போயிருந்தது.

வாளியின் அடியில், கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக, வெளிர்மஞ்சள் மணிகள் சிதறிக் கிடந்தன. தண்ணீர் மாறியதிலோ பேச்சுச் சத்தத்திலோ துப்பியிருக்கிறது. இனி அவை பிழைக்குமா என்று கேட்க அபின் இல்லை. அவள் வாளியைக் கொட்டவில்லை. அப்படியே நகர்த்தி நிழலில் வைத்தாள்.

ஏழு என்றாளே. எவ்வளவு நேரம் பார்த்தும் ஐந்துக்கு மேல் இல்லை.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. ஷரீஃபுன்னிசா.

"அம்மா, இங்க ஒரே பேஜாராப் பூட்டுச்சு. அபினு சொல்றத எழுதிக்க மாட்டேன்றாங்கோ."

"ஏன்?"

"காலைலயே உங்க பெரிய புள்ள வந்து ஒரு லெட்டர் குட்த்துட்டுப் போயிக்கீறாரு. தம்பிக்கு மூள கொழம்பிப் போச்சு, மாசக்கணக்கா இருட்டு ரூம்புல கீறான், அவன் இன்னா சொன்னாலும் நம்பாதீங்கன்னு. கீழ நீங்க கையெழுத்துப் போட்டுக்கீறீங்க."

"நானா? நான் போடலியே தாயி!"

"ஆபீசர் காட்டுனாரு. பெத்த தாயே எழுதிக் குட்த்துக்கீறாங்களேன்றாரு. அத்தப் பாத்ததுலேர்ந்து அபினு பேச மாட்டுறாரு. மஞ்சத் தாள மடியில வெச்சுகினு சொவத்தயே பாத்துகினு கீறாரு. எம்மா கேட்டும் வாயத் தொறக்கல." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "நீங்கதான் போட்டீங்கன்னு நெனச்சிட்டாரும்மா. நீங்க நேர்ல வந்து சொல்லுங்கோ. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்னாரு ஆபீசர்."

"அவன்கிட்ட குடு போன."

அந்தப் பக்கம் ஏதோ உரசும் சத்தம். பிறகு மூச்சுச் சத்தம், அடியில் கரகரக்கும் அந்த மூச்சு. அது அவளுக்குத் தெரியும்.

"அபினு, அம்மா போடலல. கேக்கியா? நான் போடல."

போன் கட்டாயிற்று.

ஞானபாக்கியம் சேலையை மாற்றவில்லை. ஆதார் கார்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். செருப்பை மாட்டி, கதவைப் பூட்டி, சுவரைப் பிடித்தபடி முதல் படியில் கால் வைத்தபோது கீழே அஜினின் வண்டி வந்து நின்றது.

அவன் இரண்டிரண்டு படியாக ஏறிவந்தான். பாதி வழியில் அவளைப் பார்த்து நின்றான்.

"எங்கம்மா கெளம்பிட்ட? கால வெச்சுகினு? அபின் எங்க?"

"ஆபீசுக்குப் போயிருக்கான்."

அஜினின் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். நாற்பது வயது. மண்டி மூட்டைகளின் தூசி புருவத்தில் படிந்திருந்தது. வெள்ளத்துரை செத்த அன்று, அழாமல் நின்று எல்லாக் காரியத்தையும் பார்த்தவன் இவன்தான்.

"யாரக் கேட்டுல எம் பேரப் போட்ட?"

அவன் மறுக்கவில்லை. "அவன் வாயத் தொறந்தா ஜெயிலுக்குப் போவாம்மா. தெரியுமா உனக்கு? அந்தப் பர்மிட்ல அவன் கையெழுத்து கீது. எனக்கு எல்லாம் தெரியும். பைத்தியம்னு எழுதுனா கேஸ் இல்ல. வூட்டுலயே இருந்துடுவான். மீனப் பாத்துகினு கெடக்கட்டும். உயிரோட கெடப்பான்ல?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் உங்கிட்ட கேட்டிருந்தா நீ போட்டிருக்க மாட்டியா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மனசத் தொட்டுச் சொல்லு."

நேற்றாக இருந்தால் போட்டிருப்பாள். ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டிருப்பாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"இன்னிக்குப் போட மாட்டேன்," என்றாள் ஞானபாக்கியம். "தள்ளு."

அஜின் தள்ளவில்லை. இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மணி நாலு பத்து. அந்தப் படிக்கட்டு ஒரே ஒரு ஆள் இறங்குகிற அகலம்தான்.

அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.